மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல், மடியில் பச்சைப் பிள்ளை

பிரசவமான வீடு என்றால் தெருவே போய்ப் பார்க்கிறது. என்ன பெயர் வைக்கிறீர்கள், யார் சாயல், அகீகா எப்போது என்று கேட்கிறோம். அதே வீட்டில் ஒன்றரை வயதிலோ இரண்டரை வயதிலோ இன்னொரு பிள்ளை மூக்கொழுக வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. மகளிர் பிரிவின் சார்பில் பிரசவமான வீடுகளுக்குப் போய்வரும்போது நாங்கள் அதிகம் கேட்கும் புலம்பல் இந்த மூத்த பிள்ளையைப் பற்றியதுதான். "இது பிறந்த நாள்லேர்ந்து அதுக்குச் சளி நிக்கவே இல்லை." "எதைக் கொடுத்தாலும் தட்டி விடுறான்." "தம்பி முகத்துல அடிக்கிறா." "ராத்திரி ரெண்டும் மாறி மாறி அழுது, எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு."

நோயும் பிடிவாதமும் ஒன்றாக வருவதால் எது எதென்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது. மூத்ததின் நோய் மடியில் இருப்பதற்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு. ஆகவே இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் காய்ச்சல். நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பது என்ன? இரண்டு வயதுப் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அன்று மாலையே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஊசி போட்டே ஆகவேண்டும் என்று டாக்டரிடம் கேட்கிறோம். இருபது நாள் பிள்ளைக்குச் சுட்டால், "நாற்பது ஆகலை, காத்துப் பட்டிருக்கும், வெளியே எடுக்கவேண்டாம்" என்று போர்த்தி வைத்துக் காலைவரை பார்க்கிறோம். இருக்கவேண்டியது இதற்கு நேர் எதிர். ஒரே வீடு, ஒரே காய்ச்சல் என்றாலும் இரண்டு பிள்ளைகளுக்கும் விதி வேறு.

இரண்டு மாதம் நிறையாத பிள்ளையின் உடம்புக்குக் கிருமியை ஓரிடத்தில் தடுத்து நிறுத்தும் பலம் இன்னும் வந்திருக்காது. சாதாரணத் தொற்றுகூட மணிக்கணக்கில் இரத்தத்திலும் மூளைக்காய்ச்சலாகவும் பரவிவிடலாம். பெரிய அறிகுறி எதுவும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே அந்த வயதில் உடல் வெப்பம் செல்சியஸில் 38 டிகிரியை, அதாவது பாரன்ஹீட்டில் 100.4-ஐத் தொட்டால் காத்திருக்க வேண்டாம். இரவு இரண்டு மணியானாலும் அப்போதே குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும். வாகனம் இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது. போகும் முன் காய்ச்சல் மருந்து கொடுத்து வெப்பத்தை இறக்கிவிடாதீர்கள். டாக்டர் பார்க்கும்போது குழப்பம்தான் மிஞ்சும். இன்னொன்று, இந்த வயதில் நோய் எப்போதும் சூடாகவே வரும் என்பதில்லை. பிள்ளை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால், கை, கால், வயிறு எல்லாம் சில்லிட்டிருந்தால், சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சிழுக்கையில் நெஞ்சுக்கூட்டின் கீழே குழி விழுந்தால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தால், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகத் தெரிந்தால், வலிப்பு வந்தால், இதில் எந்த ஒன்றுக்கும் அதே அவசரம்தான்.

நாற்பது நாள் என்பது தாய்க்கு ஓய்வு தருவதற்காக நம் முன்னோர் வைத்துக்கொண்ட நல்ல வழக்கம். சிகிச்சைக்காக வெளியே போவதை அது தடுக்காது. மார்க்கத்திலும் அப்படி ஒரு தடை இல்லை. ஓதி ஊதுவது பலருக்கும் மன ஆறுதல். அதை வண்டியில் உட்கார்ந்துகொண்டே ஓதலாம். "ஹஸ்ரத்திடம் காட்டிவிட்டு, காலையில் சரியாகவில்லை என்றால் பார்க்கலாம்" என்று கைக்குழந்தையின் காய்ச்சலில் ஓர் இரவைக் கழிப்பதுதான் நாம் அஞ்சும் விஷயம்.

கையால் தொட்டுப் பார்த்து இதையெல்லாம் முடிவு செய்ய முடியாது. அடுப்படியிலிருந்து வரும் கைக்கு எல்லாமே குளிராகத்தான் தெரியும். பிரசவச் சாமான் வாங்கும்போது டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பிள்ளைக்கு வாங்கும் பட்டுச் சட்டையைவிட விலை குறைவு. அக்குளில் வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, அது சத்தம் கொடுக்கும்வரை பொறுத்திருந்தால் போதும்.

இனி மூத்த பிள்ளை. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொரு தடவையும் இருமல் அடங்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். ஒன்று முடியும் முன் அடுத்தது வந்துவிடுவதால் "சளி நிக்கவே இல்லை" என்று தோன்றுகிறது. அந்த வயதில் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிடப் பிள்ளையின் நடமாட்டம் முக்கியம். 102 டிகிரி காய்ச்சலிலும் மருந்து கொடுத்துச் சற்று நேரத்தில் எழுந்து விளையாடி, தண்ணீர் குடித்து, ஒழுங்காகச் சிறுநீர் போனால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். 100 டிகிரிதான், ஆனால் பிள்ளை கண் திறந்து பார்க்கவில்லை, எதையும் விழுங்கவில்லை என்றால் பொறுக்கக்கூடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சில் குழி விழுவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் விடாதது, இவையெல்லாம் டாக்டரிடம் போகவேண்டிய அறிகுறிகள். மழைக்காலத்தில் டெங்குவையும் நினைவில் வையுங்கள். அதில் காய்ச்சல் விட்டதுமே நிம்மதி அடைந்துவிடக்கூடாது. ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் ஆரம்பமாகிறது. காய்ச்சல் இறங்கிய பிறகு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுது, விடாமல் வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டுச் சோர்ந்தால் உடனே கிளம்புங்கள்.

சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது வலிப்பு வரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை இது ஏற்படலாம். பார்க்க உயிரே போய்விடும் போலிருக்கும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும் பலன் இல்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. முதல் தடவை வந்த வலிப்பு என்றால், அடங்கிவிட்டாலும் அன்றே டாக்டர் பார்க்கவேண்டும்.

மருந்து அலமாரியைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பாரசிட்டமால் மருந்து இரண்டு வடிவில் இருக்கும். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பிலோ ஐந்து மில்லியில் 125, சிலவற்றில் 250. சிரப்புக்குப் பழகிய கை, தூக்கக் கலக்கத்தில் சொட்டு மருந்திலிருந்து ஐந்து மில்லி ஊற்றிவிட்டால் பிள்ளைக்கு 500 மில்லிகிராம் போய்விடும். ஈரலைப் பாதிக்கக்கூடிய விஷயம் இது. பாட்டிலின் மேல் எந்தப் பிள்ளைக்கு, எத்தனை மில்லி என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, வயதை அல்ல. ஆகவே டாக்டர் எழுதித் தரும்போது எடை பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் திரும்பக் கொடுக்கக்கூடாது. உம்மா கொடுத்தது தெரியாமல் நன்னி மறுபடி கொடுத்துவிடுவது கூட்டுக் குடும்பத்தில் அடிக்கடி நடக்கும். காலண்டரில் நேரத்தைக் குறித்து வைத்தால் இந்தச் சங்கடம் வராது.

இருமல் மருந்து வேண்டவே வேண்டாம். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் கலப்படமான இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதையடுத்து மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக்கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகவே அது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று அறிவித்தது. கலப்படம் இல்லாத மருந்தும் இந்த வயதில் தூக்கத்தைத்தான் தருகிறது, சளியைக் கரைப்பதில்லை. போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கும் அதே கணக்கில்தான். வெதுவெதுப்பான தண்ணீர், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, ஒரு வயது தாண்டியிருந்தால் இரவில் அரைத் தேக்கரண்டி தேன், இவை போதும். அந்தத் தேனை மூத்ததற்கு மட்டும்தான் கொடுக்கவேண்டும். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து கைக்குழந்தையின் தசைகளை முடக்கிவிடும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, ஒவ்வொரு தடவை போனபிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் அதோடு துத்தநாக மாத்திரை 14 நாளுக்குத் தருவார்கள். மூன்றாம் நாள் சரியானதும் நிறுத்திவிடாமல் முழுவதும் கொடுக்கவேண்டும். அடுத்த சில மாதங்களுக்கு வயிற்றுப்போக்கு அடிக்கடி வராமல் அது காக்கும்.

ஒட்டுமோ என்ற பயத்துக்கு வருவோம். மூத்ததற்குச் சளி என்றதும் அதைத் தூக்கி மாமி வீட்டிலோ ராத்தா வீட்டிலோ விட்டுவிடுவது வழக்கம். நாம் இதைச் சரியென்று நினைக்கவில்லை. தும்மல் ஆரம்பிக்கும் முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடும்; ஆகவே அனுப்புவதால் கிடைக்கும் பாதுகாப்பு குறைவு. நோயோடு இருக்கும்போது உம்மாவிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளை திரும்பி வந்த பிறகு காட்டும் பிடிவாதமோ பல வாரம் நீடிக்கும். வீட்டுக்குள்ளேயே தடுக்கலாம். மூத்ததன் மூக்கைத் துடைத்த கை சோப்புப் போட்டுக் கழுவப்படாமல் கைப்பிள்ளையிடம் போகக்கூடாது. இது ஒன்றுதான் மிக முக்கியம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. துண்டு, கைக்குட்டை, பால் டம்ளர் தனித்தனி. கொஞ்சவேண்டும் என்று மூத்தது வந்தால் முகத்தில் வேண்டாம், பாதத்தில் முத்தம் கொடு என்று பழக்குங்கள். இரண்டு நாளில் பழகிவிடும். பார்க்க வரும் பெரியவர்களுக்கும் இதுவேதான் சட்டம். மூத்த பிள்ளைக்கு வெறும் சளியாக வந்துபோகும் வைரஸ், ஒரு மாதப் பிள்ளைக்கு மூச்சுக்குழல் அடைப்பாக மாறி ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடும். சளியோடு வரும் விருந்தாளியை வாசலோடு நிறுத்துவதில் சங்கடப்பட வேண்டாம். தஹ்னீக் செய்பவரும் சளி, காய்ச்சல் இல்லாதவராக, கை கழுவியவராக இருக்கட்டும்.

தாய்ப்பாலை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். மூத்ததன் சளி உம்மாவுக்கு ஒட்டும்போது, உம்மாவின் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராகத் தயாரிக்கும் எதிர்ப்புச்சக்தி பாலில் இறங்கிக் கைப்பிள்ளைக்கும் போகிறது. "உனக்குச் சளி, பால் கொடுக்காதே" என்பது தலைகீழான அறிவுரை. முகத்துக்கு ஒரு துணி கட்டிக்கொண்டு கொடுக்கவேண்டியதுதான். சாம்பிராணிப் புகையை மட்டும் இந்த நாட்களில் தள்ளி வையுங்கள். சளி பிடித்த பிள்ளைக்கும் பச்சைப் பிள்ளைக்கும் ஒரே அறையில் புகை போடுவது இரண்டு பேர் நெஞ்சுக்கும் கேடு. மூக்கில் எண்ணெய் விடுவதும் அப்படியே.

வாயிலும் கைகாலிலும் கொப்புளம் வரும் கை, கால், வாய் நோய் இந்த வயதில் மிகச் சாதாரணம். ஒரு வாரம் பத்து நாளில் தானே ஆறிவிடும். ஆனால் கொப்புளம் ஆறிய பிறகும் பல வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால் மூத்ததைக் கழுவிவிட்ட கையில் கவனம் தேவை. சின்னம்மையாக இருந்தால் முதல் கேள்வி, உம்மாவுக்கு முன்பே அம்மை வந்திருக்கிறதா என்பது. வந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கைப்பிள்ளைக்கும் கிடைத்திருக்கும். வந்ததில்லை, அல்லது தெரியவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் சொல்லவேண்டும். அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றும்வரை காத்திருக்கக் கூடாது.

இங்கே பலரும் தவறவிடும் விஷயம் மூத்த பிள்ளையின் தடுப்பூசி. 16 முதல் 24 மாதத்துக்குள் போடவேண்டிய பூஸ்டரும் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணையும், உம்மா கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் வருகின்றன. யாரும் கூட்டிப்போகாமல் தள்ளிப்போகிறது. அந்தப் பூஸ்டரில் கக்குவான் இருமலுக்கான மருந்தும் உண்டு. கைப்பிள்ளைக்கு அந்த ஊசி ஆறாவது வாரத்தில்தான் தொடங்கும். அதற்கு முன் கக்குவான் வந்தால் உயிருக்கே ஆபத்து. மூத்ததற்குப் போடும் ஊசி இளையதற்கும் அரண். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாப்பாவோ நன்னாவோ அட்டையை எடுத்துக்கொண்டு கூட்டிப்போகலாம். உம்மாதான் போகவேண்டும் என்று இல்லை. தேதி தவறிப்போயிருந்தாலும் போய்க் கேளுங்கள், விட்டதைப் போடுவார்கள்.

இப்போது பிடிவாதம். இதற்கு நம் வீடுகளில் சட்டென்று சொல்லும் சொல் 'பொறாமை'. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் பொருந்தாது என்பது எங்கள் எண்ணம். அதற்கு இருப்பது பயம். நேற்றுவரை உம்மாவின் மடி தன்னுடையது. இன்று அங்கே வேறொன்று இருக்கிறது, தான் கிட்டே போனால் "மெதுவா, மெதுவா" என்று எல்லோரும் கத்துகிறார்கள். ஆகவே தானும் கைப்பிள்ளையாகிவிட்டால் மடி கிடைக்குமோ என்று பார்க்கிறது. நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப வரும். ஊட்டிவிடச் சொல்லும். மழலையில் பேசும். பால் கேட்கும். இரவில் விழித்து அழும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். "நீ பெரிய பிள்ளை, வெக்கமா இல்லையா" என்று கேட்கக் கேட்க அது நீளும். கேட்டதைக் கொஞ்ச நாள் கொடுத்துவிட்டால் தானே விட்டுவிடும்.

பால் கேட்டால் கொடுக்கலாமா என்று கூச்சத்தோடு கேட்கிறார்கள். முதலில் கைப்பிள்ளை வயிறு நிறையக் குடிக்கட்டும், பிறகு மூத்தது குடிப்பதில் மருத்துவ ரீதியாகத் தடை இல்லை. கர்ப்பம் தெரிந்ததும் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் பாலை மறக்கடிப்பது நம்மிடம் உண்டு. அந்தப் பிள்ளை பாலை இழந்து சில மாதத்தில் மடியையும் இழக்கிறது. திருக்குர்ஆனின் 2:233 வசனம் பாலூட்டலுக்கு இரண்டு ஆண்டு சொல்வதும், அதற்கு முன் நிறுத்துவதென்றால் தாயும் தந்தையும் கலந்து பேசி முடிவெடுக்கச் சொல்வதும் நாம் அறிந்ததே.

எல்லாப் பிடிவாதமும் மனதிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில், இரண்டேகால் வயது மகள் ஒரு வாரமாகத் தம்பியைக் கண்டாலே அலறுகிறாள், தலையைச் சுவரில் முட்டுகிறாள், சோறு வேண்டாம் என்கிறாள். கண்ணூறு என்றார்கள், சண்டி என்றார்கள், இரண்டு அடியும் விழுந்திருக்கிறது. சளிக்குப் பிறகு காதில் சீழ் கோத்திருந்ததை அரசு மருத்துவமனை டாக்டர் கருவியால் பார்த்ததும் கண்டுபிடித்தார். கைப்பிள்ளை வீறிடும் சத்தம் அந்தக் காதுக்கு எப்படி இருந்திருக்கும்! மென்றால் வலிக்கும், படுத்தால் வலிக்கும். வலியைச் சொல்லத் தெரியாத வயது. மருந்து கொடுத்த மூன்றாம் நாள் தம்பியின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகவே குணம் திடீரென மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். காதைத் தொட்டால் கத்துகிறதா, சிறுநீர் போகையில் அழுகிறதா, மலம் இறுகி மூன்று நாளாகப் போகவில்லையா. மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்னும் பிள்ளைக்கும், காரணமின்றி நாள் முழுக்கச் சிணுங்கும் வெளிறிய பிள்ளைக்கும் இரத்தச்சோகை இருக்கக்கூடும். சோறூட்ட நேரமில்லாமல் புட்டியில் பாலாகவே கொடுத்துச் சமாளிக்கும் வீடுகளில் இது அதிகம். பசும்பால் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் பசியும் போகும், இரும்புச்சத்தும் குறையும். பூச்சி மருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அங்கன்வாடியில் கொடுக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

அடிக்கும் பிள்ளையை என்ன செய்வது? திருப்பி அடித்தால், பெரியது சின்னதை அடிக்கலாம் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். கையைப் பிடித்து, "தம்பிக்கு வலிக்கும், விடமாட்டேன்" என்று சொல்லி நகர்த்தினால் போதும். நீண்ட உபதேசம் அந்த வயதின் காதில் ஏறாது. ஆனால் ஒன்றில் தளர்வு கூடாது: எவ்வளவு சாதுவான பிள்ளையாக இருந்தாலும் இரண்டையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விட்டுப் போகாதீர்கள். பாசத்தால் போர்வையை முகத்தில் இழுத்துவிடும், கடலையை வாயில் வைத்துவிடும். அது தெரிந்து செய்வதல்ல.

பால் கொடுக்கும் நேரம்தான் மூத்ததற்குப் பெரிய சோதனை. அப்போது மட்டும் எடுக்கும் ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்: பழைய வளையல், மூடி, படப்புத்தகம், கொஞ்சம் பொரி. உம்மாவின் தொடையோடு ஒட்டி உட்கார்ந்து அது விளையாடட்டும். போன் கொடுத்தால் வேலை சுலபம் என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை பால் கொடுக்கும் வீட்டில் அத்தனை தடவை போன் என்றால், பிறகு பறிக்கும்போது வரும் அழுகைக்கு இந்த அழுகையே மேல்.

உண்மையில் இந்த வீட்டுக்குத் தேவை ஒரு வேலைப் பங்கீடு. இப்போது நடப்பது இப்படி: கைப்பிள்ளையை உம்மா பார்க்கிறாள், மூத்ததை மற்றவர்கள் பார்க்கிறார்கள். பாலைத் தவிரக் கைப்பிள்ளையின் எல்லா வேலையையும் மற்றவர்களால் செய்ய முடியும். ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தொட்டில் ஆட்டுவது இவற்றை நன்னியும் மச்சியும் எடுத்துக்கொண்டால், உம்மாவுக்குக் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி மூத்ததோடு மட்டும் இருக்கக் கிடைக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, போனைத் தூர வைத்துவிட்டு. மூத்தது நோயாக இருக்கும் நாட்களில் அந்தக் கால் மணி ஒரு மணியாகட்டும். காய்ச்சலில் உம்மாவின் கை நெற்றியில் இருந்தால் பிள்ளை மருந்தையும் தண்ணீரையும் குறைந்த சண்டையில் விழுங்கும். வேறு யார் கொடுத்தாலும் துப்பும். பிறகு கை கழுவிவிட்டு இளையதிடம் போகலாம்.

வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. வீடியோவில் வந்ததும் "புள்ளையக் காட்டு" என்று கேட்காமல், முதல் ஐந்து நிமிடம் மூத்ததன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். காட்டித் தரவேண்டியதை அதுவே காட்டித் தரும். ஊரில் இருக்கும் வாப்பாமார்கள் அஸர் தொழுகைக்குப் போகும்போது கூட்டிப்போய், வரும் வழியில் கடற்கரையிலோ கடைத்தெருவிலோ அரை மணி நடத்திக் கூட்டிவரலாம். வீட்டில் அந்த அரை மணியில் இரண்டு பேர் தூங்குவார்கள்.

மூத்தது பெண்பிள்ளையாக இருந்தால் மூன்று வயதிலேயே அவளை 'ராத்தா' ஆக்கி வேலை வாங்குகிறோம். துணி எடுத்துத் தரச் சொல்வது விளையாட்டாக இருக்கும்வரை சரி. மறுத்தால் திட்டு விழுகிறது என்றால் அது சரியல்ல. ஆண்பிள்ளையிடம் இதைக் கேட்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறோம்.

தாயைப் பற்றிக் கொஞ்சம். பிரசவமான முதல் சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பற்றின்மை, பிள்ளைகளைத் தொடவே வெறுப்பு என்று இருந்தால் அது நோய், சிகிச்சையால் குணமாவது. "ஏதோ பட்டிருக்கு" என்று விட்டுவிடாதீர்கள், ஈமான் குறைவு என்றும் சொல்லாதீர்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு தாய் சொன்னால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

தெருவில் உள்ளவர்கள் பிரசவ வீட்டுக்குச் சோறும் காயச் சோறும் அனுப்புவது நல்ல வழக்கம்; அது தொடரட்டும். அதோடு மூத்த பிள்ளைக்குத் தெரிந்த ஒரு வீடு, காலை பத்து முதல் பதினொன்றுவரை அதைத் தன் பிள்ளைகளோடு விளையாட வைத்துக்கொண்டால் அந்த உம்மாவுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். காய்ச்சல், சளி உள்ள நாளில் வேண்டாம், மற்ற நாட்களில் செய்யலாம். பார்க்கப் போகும்போது சின்னதற்கு ஒரு சட்டை என்றால் பெரியதற்கு ஒரு பந்தாவது எடுத்துப்போங்கள்.

மகளிர் பிரிவில் இரவல் கொடுக்கத் தெர்மாமீட்டர்களும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் வைத்திருக்கிறோம். டிரஸ்ட் அலுவலகத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பெண்கள் வந்து கேட்டு வாங்கலாம். மூத்த பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் கூடவே கொண்டுவாருங்கள். எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறோம். புதன்கிழமை கூட்டிப்போக ஆள் இல்லாத வீட்டார் முந்தின நாளே தகவல் சொன்னால், இன்ஷா அல்லாஹ், எங்களில் ஒருவர் வருவோம்.